தேவயானி அணைத்த சூடம்

அன்புள்ள மகன் பிரகாஷுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், புனேவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க அம்மன் துணை நிற்கட்டும். புளி உலுக்கி முடித்தாயிற்று, காய்ப்பு சுமார்தான், பலாவில் குரங்குகள் செய்கிற அட்டூழியம் சொல்லி மாளாது. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன் உன் தங்கை கையில் இருக்கிறது, சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறினால் அவளும் கூடவே வருகிறாள், அவள் காதுபட இதைப் பேச முடியாது.

மலைக்குக் கீழே போளூரிலிருந்து வந்து இங்கே ஜமுனாமரத்தூரில் டியூஷன் எடுக்கிறாரே புருஷோத்தமன் சார், அவரை நான் குறை சொல்லக் கூடாது. அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், கிணற்றுக் கயிற்றையும் பலாக்காயையும் வைத்தே பிசிக்ஸ் சொல்லிக் கொடுப்பார். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த நம் தேவயானி கையைத் தூக்கிக் கேள்வி கேட்டாள் என்றால் பார்த்துக்கொள். ஆனால் அவருக்கு ஒரு வழி உண்டு. பிள்ளைக்கு எது உயிரோ அதைப் பேசிப் பேசித் தெரிந்துகொள்வார், பிறகு மார்க் வராவிட்டால் அதை விட்டுவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைப்பார். கீழூர்ப் பிள்ளைகள் பிரியாணி, செல்போன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்களாம். உன் தங்கை, பிளஸ் டூவில் நர்சிங் சேருகிற அளவு மார்க் வராவிட்டால் இந்த மலையில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று அம்மன் பேர் சொல்லி அணைத்துவிட்டாள். சார் கைதட்டி அதை வீடியோ எடுத்திருக்கிறார், மடையன். எரியும் சூடத்தைக் கையால் அணைத்தால் நம் ஜனம் செத்தாலும் அதை மீறாது என்று அவருக்கு யார் சொல்வது? நம் பூபாலனை உனக்குத் தெரியும். வரப்புச் சண்டையில் அண்ணன் நிலத்தை மிதிக்க மாட்டேன் என்று சூடம் அணைத்தவன், அண்ணன் குழந்தை அந்த நிலத்துக் கிணற்றில் விழுந்த அன்றும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினானே தவிர உள்ளே போகவில்லை. அவனை ஊரில் ஒருவரும் தப்பு சொல்லவில்லை.

பிசிக்ஸ் பரீட்சை எழுதி வந்த அன்றிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் ஆட்டுக்குட்டியைப் பக்கத்து வீட்டு ஈஸ்வரிக்குக் கொடுத்துவிட்டாள். ஏனம்மா என்றால், யார்னா பார்த்துக்கணும் இல்ல என்கிறாள். நல்ல துணியெல்லாம் மடித்துப் பையில் இருக்கிறது. உன் அம்மா அந்தப் பையை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருக்கிறாள், அழுவது கூட இல்லை. சாரிடம் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே, இன்னாங்க நீங்க, அது சும்மா ஒரு சூடு ஏத்தறதுக்கு என்றார். வீட்டுக்கே வந்து அவளிடம் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார், பாவம் அப்போதுதான் அவர் முகமும் வெளுத்தது. அவர் போனபிறகு அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"நான் சாருக்காப்பா சத்தியம் பண்ணேன்?"

அம்மனுக்குச் செய்ததை மீறு என்று நான் எப்படிச் சொல்வேன்? நானும் இந்த மலைக்காரன்தானே.

ரிசல்ட் அடுத்த மாத முதல் வாரத்தில் வருகிறது என்கிறார்கள். இங்கே நெட் நம்ப முடியாது, நானே போளூர் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், நீ வராதேப்பா என்று என்னிடம் உறுதியாகச் சொல்லிவிட்டாள். என் முகத்தைப் பார்த்தால் தாங்க மாட்டாள் என்பது எனக்கும் தெரியும், அவளைத் தனியே அனுப்பவும் மனம் துணியவில்லை. அதனால் நீ லீவு கேட்டு முன்கூட்டியே கிளம்பு. தரமாட்டேன் என்றால் வேலை போனால் போகட்டும். மலைக்கு வராதே, நேரே போளூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவளுக்காக நில். பார்த்ததும் மார்க் எவ்வளவு என்று கேட்காதே, முதலில் சாப்பிட வை. சத்தியமாவது மண்ணாவது என்று படித்தவன் மாதிரி பேசி அவளை இழுத்துப் பஸ்ஸில் ஏற்றவும் பார்க்காதே. அவள் மலை பஸ் ஏறினால் நீயும் ஏறி வா, அம்மா சாமைச் சோறு ஆக்கி வைப்பாள். ஏறாவிட்டால் நீயும் ஏறாதே மகனே. கீழேயே ஒரு வீடு பார்த்து அவளோடு இரு, நாங்கள் இறங்கி வந்து உங்களைப் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு இருக்க அம்மாவும் நானும் தரும் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் போனில் கிடைத்தது என்று மட்டும் சொல், வேறு எதுவும் பேசாதே.

இப்படிக்கு உன் அப்பா,
சின்னராஜ்