ஏழாம் மாதத்துக் கிரகணம்

என் ஆசை அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உன்மேல் இல்லை.

உன் மகளுக்கு ஆறு வயதாகிறது. பிளந்திருந்த உதட்டை மதுரையில் தைத்துவிட்டோம், ஒரு கோடுதான் மிச்சம். போன வாரம் நாரணாபுரத்தில் உன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் என்னிடம் கேட்டாள்: “சித்தி, எங்கம்மா கிரகணத்தன்னைக்குக் கத்தியத் தொட்டதாலதான் நான் மூளியாப் பொறந்தேனாம்ல? அப்பத்தா சொல்லுச்சு.”

உன் மாமியாருக்கு எப்படி வாய் வந்தது? வளைகாப்பு முடிந்தும், பட்டாசு சீசன் என்று உன்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுவாரம் கிரகணம். கத்தியைத் தொடமாட்டேன் என்று நீ அழுதாய். “கிரகணம் பாத்தா லோடு எப்படிப் போகும்? உள்ளுக்குள்ள உக்காந்து வெட்டு” என்று பட்டாசுத் திரிக்கட்டை உன் முன்னால் கொண்டுவந்து போட்டது அவர்தானே? உன்னைப் பார்க்க வந்திருந்த நான் என் காதால் கேட்டேன். பிள்ளை பிறந்ததும் குற்றம் உன்னுடையதாகிவிட்டது. பிரசவக் காய்ச்சலில் நீ கிடந்தபோது, கிரகண தோஷத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று உன்னைக் கொன்றார்கள். ஆமாம், கொன்றார்கள்.

நான் இப்போது கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன், அக்கா. அடைவைத்த முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டிக் கருவைப் பார்ப்போம். கண்ணாகப் போகிற திசு மேலே இருக்கும் தோலைத் தொட்டுச் சேதி சொன்னால்தான் அந்தத் தோல் லென்ஸாக மாறும். நடுவில் மறித்துவிட்டால் வெறும் தோலாகவே நின்றுவிடும். உதடும் இப்படித்தான், இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து, சேதி சரியாகப் போனால் ஒட்டிக்கொள்ளும். சேதி ஏன் தவறுகிறது? எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. எப்போது என்று மட்டும் தெரியும். மூன்றாம் மாதம் பிறப்பதற்குள் மேலுதடு முடிந்துவிடும்.

உனக்குக் கிரகணம் வந்தது ஏழாம் மாதம்.

உன் மகளிடம் சொன்னேன்: “உங்கம்மா கத்தியத் தொடுறதுக்கு ரொம்ப முன்னாலயே உன் உதடு அப்படித்தான் இருந்துச்சு, தாயி.” அவள் தையல் கோட்டைத் தடவிக்கொண்டே, “அப்ப அப்பத்தா சொன்னது பொய்யா?” என்றாள். பொய்தான் என்றேன்.

அடுத்த மாதம் மறுபடியும் கிரகணம். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். வெளியே வராதே, கத்தியைத் தொடாதே என்று உன் மாமியார் ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்ல மட்டும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

அன்றைக்கு உன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காய் நறுக்கப்போகிறேன். என் பிள்ளை எந்த உதட்டோடு வந்தாலும் சரி, தாயால் வந்தது என்று ஒருத்தரும் அதனிடம் சொல்ல விடமாட்டேன். உன் பிள்ளையிடமும் இனி விடமாட்டேன்.

கத்தியைக் கீழே வைக்காத
உன் தங்கச்சி