நிறைய கேள்வி கேப்பா டீச்சர்

என் கண்ணு பாஞ்சாலிக்கு,

நல்ல சேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் பெரியவள் நிவேதா விழுப்புரத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம் போய்விட்டாள். ஊசி போடும்போது இப்போதெல்லாம் கை நடுங்குவதில்லையாம். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினாள். தெருவில் நான் அதைக் காட்டாத வீடு இல்லை. உன் தம்பி மகன் கோகுல் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டான். முதல் நாள் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு போட்டோ அனுப்பு என்றேன், உடனே அனுப்பினான். அவன் தங்கச்சி ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்கி வந்தாள். அது டிவி மேலே உட்கார்ந்திருக்கிறது, தினமும் துடைக்கிறேன்.

சின்னவளை விட்டுவிட்டேனே என்று பார்க்கிறாயா? அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உன் காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் லாரிக்குத் திரும்பிவிட்டார். மாசத்துக்கு இரண்டு தரம் வந்து போகிறார். யாழினி என்னோடுதான் இருக்கிறாள். திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய் ஒன்பதாவது படிக்கிறாள். சாப்பிட்டாயா என்றால் "உம்". ஸ்கூலில் என்ன நடந்தது என்றால் "ஒண்ணுமில்ல". நீ இருந்தபோது எப்படிப் பேசுவாள்! வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது, மல்லாட்டை ஏன் மண்ணுக்குள்ள காய்க்குது, கத்திரிக்கா ஏன் வெளியில காய்க்குது என்று உன் உயிரை எடுப்பாள். நீயும் சலிக்காமல், "தெரியலயே, நீ என்னா நெனக்கிற?" என்று அவளையே கேட்பாய். "ரெண்டும் பேசிக்கினே இருங்க, களை இடுப்பு வரைக்கும் வளரட்டும்" என்று நான் கேலி செய்வேன்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் பத்தொன்பது மார்க்கு. பேப்பரை என் முன்னால் வைத்துவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அந்த உதடு அவளுடையது இல்லை பாஞ்சாலி, உன்னுடையது.

உன்னை ஒண்ணாவதில் சேர்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதைத் தொடச் சொன்னார்கள், தொட்டுவிட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கும்பிட்டு, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்றேன். சார் சிரித்தார், பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். பிள்ளையைச் சேர்க்க வருகிற எல்லாரும் சொல்கிற பேச்சுதானே? என்னைச் சேர்த்தபோது என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். வாத்தியாருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை பிடித்திருந்த என் முந்தானையை விட்டுவிட்டாய்.

அதற்கப்புறம் வகுப்பில் நீ வாயைத் திறக்கவே இல்லை. மந்தமாக இருக்கிறாள் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். எட்டாவதோடு, "இதுக்குப் படிப்பு ஏறாது" என்று நிறுத்தி, மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை காயவைக்கிற வேலைக்கு உன்னைக் கூட்டிப் போனதும் நான்தான்.

நிவேதாவை ஒண்ணாவதில் சேர்க்கும்போது நானும் கூட வந்தேன். கும்பிட்டு வாயெடுப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாய். வலித்தது. அப்புறம் நீயே சொன்னாய்: "நிறைய கேள்வி கேப்பா டீச்சர், கோச்சிக்காதீங்க." இப்படியா ஒருத்தி பிள்ளையைச் சேர்ப்பாள் என்று வீட்டுக்கு வந்தும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் திடீரென்று கேட்டாயே: "யம்மா, அன்னிக்கு சார்கிட்ட தோலை உரிக்கச் சொன்னியே, நெஜமாவா சொன்ன?"

"எல்லாரும் சொல்றதுதானேடி" என்றேன்.

"எனக்குத் தெரியாதும்மா. ஏதாச்சும் கேட்டா உரிச்சிடுவாங்கன்னு பயந்துக்கினே இருந்தேன்."

உன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். "தண்ணி குடிக்கறியா?" என்று கேட்டேன். நீ சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். அந்தக் கேள்வி போகவில்லை. ஜூன் மாசத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது எவளாவது ஒரு அம்மா அந்தப் பேச்சைச் சொல்கிறாள், அது என் குரலில்தான் கேட்கிறது.

போன வாரம் யாழினியின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பெண்தான், சின்ன வயசு. "பாட்டி, புரியலன்னாலும் இவ வாயைத் தொறந்து கேக்க மாட்டேங்கறா. நீங்கதான் கொஞ்சம் கண்டிக்கணும்" என்றார். என் கை தானாகக் கும்பிட்டது. "நீங்க கண்ணை மட்டும்..." வரைக்கும் வாயில் வந்துவிட்டது பாஞ்சாலி.

மணிக்கட்டில் ஒரு அழுத்தம். வலித்தது. யாழினி தள்ளித்தான் நின்றிருந்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு. யார் பிடித்தது? நீயா?

வாயில் வந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "நிறைய கேள்வி கேப்பா டீச்சர், கோச்சிக்காதீங்க."

"யாரு, இவளா?"

"இவதாங்க. கொஞ்ச நாளா நிறுத்தி வெச்சிருக்கா."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் ஒலக்கூர் கூட்டுரோடு கிட்ட வந்தபிறகுதான் பேசினாள். "ஏன் ஆயா டீச்சர்கிட்ட பொய் சொன்ன?"

"எதுடி பொய்? இப்போ நீ கேட்டதுக்குப் பேரு என்னவாம்?"

உதடு லேசாகப் பிரிந்தது. உடனே அடுத்ததைக் கேட்டாள். "கண்ணை மட்டும்னு ஆரம்பிச்சியே, அது என்னா?"

சொன்னேன். உன்னைச் சேர்த்த நாள், நீ ஆஸ்பத்திரியில் கேட்டது, எதையும் மறைக்கவில்லை.

"அம்மா கேட்டதுக்கு நீ என்னா சொன்ன?"

"தண்ணி குடிக்கறியான்னு கேட்டேன்."

அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னை மாதிரியே. இவளையும் இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை. பையை மட்டும் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

திங்கட்கிழமை சாயந்திரம் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "கணக்குல ஒண்ணு டீச்சரைக் கேட்டேன்" என்றாள். "என்னா கேட்ட?" என்றேன். "அய்யோ, உனக்குப் புரியாது ஆயா." "சொல்லுடி, புரியலன்னா நானும் கேக்கறேன்" என்றேன். முறைத்துப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மூன்று தடவை சொன்னாள்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நிஜமாகச் சொல்லவில்லை கண்ணு. உன் தோலில் ஒரு கொசு உட்கார்ந்தால் பொறுக்காதவள் நான். இதைச் சொல்ல அன்று எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

இனி இந்த வீட்டில் எந்தப் பிள்ளையை எங்கே சேர்த்தாலும் உன் வார்த்தையைச் சொல்லித்தான் சேர்ப்பேன். பள்ளிக்கூட வாசலில் வேறு யாராவது அந்தப் பழைய பேச்சைச் சொன்னால், அந்தப் பிள்ளை பக்கத்தில் போய், "சும்மா சொல்றாங்க கண்ணு, நெஜமில்ல" என்று காதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். கிழவிக்குப் பைத்தியம் என்று சொன்னால் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. பேரப்பிள்ளைகளிடம் நான் எப்போதும் கேட்பதுதான். மாலை போட்டிருக்கிற உன் படம் ஆதார் கார்டுக்கு எடுத்தது. உதட்டை இறுக்கி மூடியிருக்கிறாய். கனவிலும் அதே முகத்தோடுதான் வந்து நிற்கிறாய். அடுத்த தடவை வரும்போது புதுசாக ஒரு போட்டோ கொண்டு வாயேன். பேசிக்கினு இருக்கும்போது எடுத்ததாகப் பார்த்து.

உன் அம்மா,
யாழினியோட ஆயா