பரப்பு ஒன்று

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

உனக்கும் என் மகனுக்கும் கோர்ட்டில் தீர்ப்பான பிறகு இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு வார்த்தை கைக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்.

நீ வீட்டை விட்டுப் போகும்போது கொடுத்த கணக்கைப் போட்டுவிட்டேன். செங்கோண முக்கோணம், பக்கங்கள் முழு எண்ணாகவோ பின்னமாகவோ இருக்க வேண்டும், பரப்பு ஐந்து. 3/2, 20/3, 41/6. சரியா? நம் கண்ணாடிக் கடையில் மிஞ்சிய துண்டில் அதே அளவுக்கு வெட்டியும் பார்த்தேன். உன் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஜன்னல் கண்ணாடிக்கு ஆள் நடையா நடக்கிறார், நீங்க முக்கோணம் வெட்டிட்டு உக்காந்திருக்கீங்க" என்கிறாள்.

வளைவு என்று ஏதோ சொன்னாயே, அதையும் எழுது. பதில் போடாமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்து சரி. சபாஷ்.

y² = x³ − 25x என்று ஒரு சமன்பாடு. 25 என்பது ஐந்தின் வர்க்கம். இதை வரைந்தால் வருவதற்கு நீள்வட்ட வளைவு என்று பேர். பேரில்தான் நீள்வட்டம், பார்க்க அப்படி இருக்காது. அதன்மேல் x, y இரண்டும் முழு எண்ணாகவோ பின்னமாகவோ உள்ள புள்ளி கிடைத்தால், அதிலிருந்து உங்கள் முக்கோணத்தைக் கட்டிவிடலாம். x −4, y 6 என்று போட்டுப் பாருங்கள். அங்கே வளைவைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால் அடுத்த புள்ளி, அதே பரப்பில் அடுத்த முக்கோணம். அதற்கு முடிவே கிடையாது.

இனி ஒரு நிபந்தனை மாமா. பரப்பு ஒன்று வரும் முக்கோணத்தைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் எழுதுங்கள். அதுவரை கடிதம் வேண்டாமே. எனக்கும் வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது. அவருக்குப் பெண் பார்த்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்

ஜூலை 8

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

நிபந்தனையை மீறி எழுதுகிறேன். 25-க்குப் பதில் 1 போட்டு, ஒன்றின் வளைவில் மூன்று புள்ளிகளைப் பிடித்தேன்: (0, 0), (1, 0), (−1, 0). சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் முக்கோணம் கட்டப் போனால் மூன்றும் காலை வாரிவிட்டன. ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்த கல்லூரிக் கணக்குப் பேராசிரியரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"இந்த மூணு மாதிரி புள்ளிங்க எந்த எண்ணை எடுத்தாலும் சும்மா வரும். y பூஜ்யமா இருந்தா முக்கோணம் கிடையாது. பரப்பு ஒண்ணு வர்ற முக்கோணம் இல்லவே இல்லைன்னு பல நூறு வருஷம் முன்னாடியே நிரூபிச்சாச்சு பெரியவரே. யார் இதை உங்ககிட்ட கொடுத்தது?"

"என் மருமக விளையாட்டுக்குக் கொடுத்தா" என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. கிடைக்காது என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். எழுத வேண்டாம் என்பதை என் மனம் நோகாமல் சொல்லியிருக்கிறாய். இந்த மரமண்டைக்கு விளங்க நாலு மாதம் ஆகிவிட்டது.

கோபம் இல்லை அம்மா. வருத்தம் இருக்கிறது. கணக்கெல்லாம் ஒரு சாக்குதான். இந்த வீட்டில் இப்போது உன் பேச்சை எடுக்க ஆளில்லை. உனக்கு எழுதும்போது மட்டும்தான் நீ இருப்பது போல இருந்தது. இனித் தொந்தரவு செய்யமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

மாமா

ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கு,

ஆமாம், தெரிந்துதான் கேட்டேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அன்று முழுக்க அந்த வீட்டிலேயே இருக்கிறேன். பாடம் நடத்த முடிவதில்லை. 'எழுதாதீர்கள்' என்று நேராக எழுத உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. நீங்கள் ரெண்டு நாள் பார்த்துவிட்டு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். இத்தனை மாதம் தேடுவீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்ததும் வகுப்பிலேயே அழுதுவிட்டேன். "அவ்வளவு கஷ்டமான கணக்கா மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

தீர்ப்பு உங்கள் மகனுக்கும் எனக்கும்தான். உங்கள் பேர் அதில் எங்கும் இல்லை. எடுத்துப் படித்துப் பார்த்தேன். வரப்போகிற பெண்ணிடம் இந்தக் கடிதங்களை மறைக்க வேண்டாம். அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும்.

பரப்பு ஏழு என்று எடுத்துக்கொள்ளுங்கள் மாமா. அதற்கு முக்கோணம் உண்டு. சத்தியமாக உண்டு.

அன்புடன்,
நான்