உன் அக்கா மருதம்

அடுத்த வளவில் காலையிலிருந்து பலகை அரிகிறார்கள். வாளின் சத்தத்தை வைத்து என்ன மரமென்று எனக்குப் பிடிபடவில்லை. காற்றுக் கிறுகி வாசலுக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. பச்சை மரத்தின் துவர்ப்பு, அதற்குள் நனைந்த மண்ணின் மணம். மருதம். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பி உள்ளே போனேன். அங்கேயும் அதே மணம்தான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. உனக்கும் தெரியாது. எழுதத் தெரியாதவன் வாசிக்கத் தெரியாதவளுக்கு மடல் விடுகிறானாம் என்று நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். சிரி. ஒருவரைப் பிடித்து வைத்துச் சொல்லச் சொல்ல எழுதுவிக்கிறேன். உன்னிடம் சேர்க்க வேண்டிய சேதி ஒன்று என்னிடம் தங்கிப்போய்க் கிடக்கிறது. அதை நேரே சொன்னால் விளங்காது. முதலிலிருந்து வருகிறேன்.

நமக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் நிலைக்கவில்லை. மூன்றாவதாக மருதி பிறந்தபோது நீ அவளுடைய முகத்தைப் பார்க்கவே பயந்தாய். அம்மன் கோயிலில் பூசை செய்கிற கட்டாடியார் வந்து வாசலில் நின்றபடி சொன்னார்: "புள்ள உன்ட வயித்தில தங்குது. மடியிலதான் தங்குதில்ல. இதை வேற மடியில போடு மனே."

வேறு மடி எது என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம் வயல் வட்டையின் கடைசி வரம்பும் வாவித் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் அந்த மருதம் நின்றது. அதன் வேரில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடாமல் ஒருவரும் போனதில்லை. தோணிக்காரர்கள் அதற்கு நேரே வரும்போது கம்பு ஊன்றாமல், கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள். தண்ணீருக்கடியில் அதன் வேர் எங்கே ஓடுகிறதோ, குத்திவிடக் கூடாதே என்ற எண்ணம்.

சுளகில் தவிடு பரப்பி, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, வேரடியில் வைத்தோம். "இது உன்ட புள்ள, நாங்க வளத்துத் தாறம்" என்று கட்டாடியார் சொல்லித்தந்ததை நீ சொன்னாய். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். நான் பிள்ளையை மரத்திடம் கேட்டு எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். அன்றைக்குத் தொடக்கம் அவளுக்கு அம்மா மருதம். நீ அதன் தங்கை, பிள்ளைக்குச் சின்னம்மா. அவள் வாயால் உன்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது. தப்பித் தவறிக் கூப்பிட்டாலும் நீ ஓம் என்று பதில் கொடுக்கக் கூடாது. கலியாணத்துக்கு முன்னே மரத்துக்குப் பொங்கி, புதுச்சேலை உடுத்தி, பிள்ளையைக் கேட்டு வாங்கலாம். அதுவரைக்கும் அப்படித்தான்.

எனக்கு ஒரு தடையும் இல்லை. என்னை அவள் அப்பா என்றே கூப்பிட்டாள். அந்த ஓரவஞ்சனையை நீ சும்மா விடவில்லை. நான் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் கிளம்பினால், "மூத்த பெண்சாதியப் பாக்கப் போறாராக்கும்" என்பாய். ஊரிலும் என்னை மருதத்தின் மாப்பிள்ளை என்று பகிடி பண்ணினார்கள்.

தொடக்கத்தில் அந்த மரத்தை உனக்குப் பிடிக்காது. எனக்குத் தெரியும். பிள்ளை தத்தித் தத்தி ஓடி அதைக் கட்டிப்பிடிக்கும்போது உன் முகம் வேறு பக்கம் போய்விடும். பிறகு எப்போது மாறினாய் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் புல்லுப் பிடுங்கிவிட்டுக் களைத்து வந்து, பட்டை உரிந்த அந்த வெள்ளை அடியில் காதை வைத்துக்கொண்டு நின்றாய்.

"என்னவாம் உன்ட அக்கா?" என்று கேட்டேன்.

"உங்களைப் பத்தித்தான் பறையிறா. நல்லதா ஒண்டும் சொல்லல்ல."

அதற்குப் பிறகு உன் சுகதுக்கம் எல்லாம் அங்கேதான். என்னிடம் சொல்லாததைக்கூட அதனிடம் சொன்னாய். உள்ளங்கையை விரித்து மரத்தில் வைப்பாய், வாய் மெல்ல அசையும், கொஞ்ச நேரத்தில் மூச்சு ஆறிவிடும். நானும் ஆள் இல்லாத நேரம் பார்த்து அப்படிக் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். வெயிலிலும் அது குளிர்ந்துதான் கிடக்கும். உள்ளே தண்ணீர் ஏறுவது போல ஒன்று. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு காய்ச்சல் வருஷம் வந்தது. ஒவ்வொரு வளவிலும் ஆள் விழுந்தார்கள். தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லாத வீடும் இருந்தது. மருதிக்குக் குளிர்ந்து நடுங்கி, பிறகு நெருப்பாய்ச் சுட்டது. பாயில் புரண்டபடி, "அம்மா, தண்ணி... அம்மா..." என்றாள். சிரட்டையில் தண்ணீர் வைத்துக்கொண்டு நீ பக்கத்திலேதான் இருந்தாய். அவள் கண்ணைத் திறந்து உன் முகத்தைப் பார்த்தே கூப்பிட்டாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தாய்.

"சொல்லன் கா, ஓம் எண்டு," என்றேன். எனக்குத் தாங்கவில்லை.

நீ என்னைப் பார்த்த பார்வை! சிரட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கொதிவெயிலில் வரம்பு முழுக்க ஓடினாய். வேரில் பாதித் தண்ணீரை ஊற்றிவிட்டு, மீதியை மூச்சிரைக்கக் கொண்டுவந்து பிள்ளையின் உதட்டில் வைத்தாய்.

"அம்மா தந்துவிட்டவ. குடி மகள்."

குடித்தாள். பிழைத்தாள். பிழைத்து எழும்பியதும் வரம்பில் தடியூன்றிப் போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். நீ தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். கிட்டப் போகவில்லை.

அவளுக்குக் கலியாணம் பேசியது யப்பான் சண்டைக் காலத்தில். சேலை அகப்படாத காலம். அலைந்து திரிந்து காத்தான்குடியில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் சிவப்புச் சேலை வாங்கினோம். மரத்துக்கு உடுத்த வேண்டிய சேலை. தோணியில் வரும்போது நீ அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாய். "நாளையிண்டைக்கு இந்நேரம் அவள் என்னைக் கூப்பிடுவாள்" என்று மெதுவாகச் சொன்னாய். அத்தனை வருஷத்தில் நீ அதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல்.

தோணி வளைந்ததும் கரை வெளித்துக் கிடந்தது. மரம் நிற்க வேண்டிய இடத்தில் வானம். பாலத்துக்கு மரம் கொடுக்கக் கொந்தராத்து எடுத்த ஒருவருடைய ஆட்கள் நாம் போயிருந்த நேரம் வந்து தறித்துவிட்டிருந்தார்கள். விழுந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் மருதி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். ஆட்களின் தலைவன் நல்ல மனுசன்தான், நமது பக்கத்து ஆள், ஊர் மட்டும் வேறு. கோடாலியைக் கீழே போட்டுவிட்டு உன்னிடம் வந்தான்.

"புள்ள அம்மா அம்மா எண்டு கத்தினவள்தான் கா. நான் உங்களைக் கூப்பிடுறாளாக்கும் எண்டு நினைச்சிட்டன். விளங்கியிருந்தா கை வைப்பனா?"

அவனை என்ன குற்றம் சொல்வது? எந்த ஊர்க்காரனுக்கும் அப்படித்தான் விளங்கியிருக்கும்.

கட்டாடியார் வந்து பார்த்தார். "மரம் போயிற்று. தடையும் அதோட போயிற்று. இனிப் புள்ள உன்னை வாய் நிறையக் கூப்பிடட்டும்" என்றார். ஆனால் மருதி துடக்குக் காத்தாள். தாய் செத்தவள் எப்படியோ அப்படியே. தலைக்கு எண்ணெய் இல்லை, மீன் இல்லை, கலியாணமும் தள்ளிப்போயிற்று. மரத்துக்குத் துடக்கா என்று ஊர் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி அவளுக்கு முன்னால் வைத்தாய். பெற்றவள் நீ உயிரோடு இருக்க, உன் மகள் தாய்க்கு அழ, அந்தச் செத்தவீட்டுக்குச் சமைத்தவளும் நீதான். அந்தச் சிவப்புச் சேலையை அடிக்கட்டையில் சுற்றிவிட்டு வந்தாய். மழை வந்து அதைக் கொண்டுபோயிற்று.

துடக்குக் கழிந்த பிறகு நீ கேட்டாய். நான் கதவுக்கு அங்கால் இருந்தேன்.

"ஒருக்காக் கூப்பிடு மகள்."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலாது சின்னம்மா. அதைச் சொல்லப் போனா அழுகைதான் வருது. அது செத்தவக்குரிய சொல்லாப் போயிற்று."

"போகட்டும் மனே, விடு," என்று சொல்லி நீ உரலடிக்குப் போய் நெல்லுக் குத்தத் தொடங்கினாய். எவ்வளவு நேரம் குத்தினாய் தெரியுமா? அரிசி மாவாய்ப் போன பிறகும் உலக்கை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. அவள் கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் ஆனாள். பிள்ளை பெற்றாள். உன்னைச் சின்னம்மா என்றே கூப்பிட்டு, ஒரு குறையும் வைக்காமல் பார்த்தாள். நீ கிடையில் கிடந்தபோது உன்னைக் கழுவித் துடைத்தவள் அவள்தான். அப்போதும் உன் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். கண்டும் ஒன்றும் செய்ய முடியாதவனாய்க் கால்மாட்டில் இருந்தேன்.

இனித்தான் அந்தச் சேதி. நீ கேட்டிருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன்.

உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோதும் அவள் "என்ட சின்னம்மா" என்றுதான் ஒப்புச் சொல்லி அழுதாள். பாடையைத் தூக்கினோம். பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். வந்துவிட்டது. "அம்மா." ஒரு தரம்தான். கத்தவில்லை, அடுப்படியில் இருக்கிற உன்னிடம் ஏதோ கேட்க வருகிறவள் போலச் சொன்னாள். சுற்றி நின்றவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. செத்தவீட்டில் எல்லோரும் சொல்லுகிற சொல்தானே. நான் மட்டும் நின்றுவிட்டேன்.

அவள் வாவிப் பக்கம் பார்க்கவில்லை. அதைத்தான் முக்கியமாய்ச் சொல்ல வந்தேன். பாடையைப் பார்த்தே சொன்னாள். உன்னைத்தான் கூப்பிட்டாள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ. உனக்குப் பதிலாய் ஓம் என்று நான் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அது எனக்குரியதில்லை. தோள் கொடுத்தவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகையால் அவள் கூப்பிட்டது அப்படியே, பதில் இல்லாமல், என் காதுக்குள் இருக்கிறது. நான் வரும்போது கொண்டுவந்து தருவேன்.