பதினொன்றால் வகுபடும் எண்

ஐப்பசி 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். மூட்டு வலி மாத்திரை தீர்ந்தது.

வேலம்பாளையத்தில் மாப்பிள்ளையின் பனியன் கம்பெனிக்குப் போனேன். எக்ஸ்எல் சைஸ் பெட்டிகளுக்கு வெளிநாட்டுக்காரர் அனுப்பிய பார்கோடு எண்ணை அவர் செல்லில் காட்டினார். குறித்துக்கொண்டேன்: 2408725931667.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். இலக்கங்களின் கூட்டல் 60. ஆகவே மூன்றால் வகுபடும். ஒற்றை இடத்து இலக்கங்கள் கூட்டினால் 30, இரட்டை இடத்தவையும் 30. ஆகவே பதினொன்றாலும். 33ஆல் வகுத்தால் 72991694899. அதை 7, 13, 17, 19 எதுவும் வகுக்கவில்லை. பகா எண்ணா? தெரியவில்லை. யாருக்கும் பயனில்லை. சந்தோஷம்.

செவ்வாய்

அச்சுக்கடையிலிருந்து மாதிரி ஸ்டிக்கர். மாப்பிள்ளை நீட்டினார்.

"மாமா, கணக்கு வாத்தியாருங்க நீங்க. பாத்து ஓகேன்னு சொன்னீங்கன்னா பிரிண்ட் போட்டுரலாமுங்க. நம்பர் தப்புனா பொட்டி திரும்பி வந்துரும். அப்புறம் அடுத்த ஆர்டரு கெடையாது."

பார்கோடு விதிப்படி இரட்டை இடங்களை மும்மடங்காக்கி, ஒற்றை இடங்களோடு கூட்டினேன். 130. பூஜ்யத்தில் முடிய வேண்டும், முடிந்தது. ஸ்கேனரும் கீச்சென்றது. ஓகே என்றேன்.

பேக்கிங் சரசு: "பனியனுக்கும் பரீட்சை வெச்சுட்டீங்களாங்க வாத்தியாரே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

புதன்

மழை. மின்வெட்டு. ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளின் அருகே சும்மா உட்கார்ந்திருந்தேன். ஸ்டிக்கரிலிருந்த எண்ணைப் பதினொன்றால் வகுத்தேன். மிச்சம் ஒன்று.

மறுபடியும். ஒன்று.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பார்த்தேன். இங்கே 72. ஸ்டிக்கரில் 27. ஏழுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து. பக்கத்துப் பக்கத்தில் இடம் மாறினால் கூட்டல் சரியாகப் பத்து நகரும். 120 போய் 130. கடைசிப் பூஜ்யம் அப்படியே நிற்கும். ஸ்கேனருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் செல்லை அருகில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்திருப்பார்கள். நான் கூட்டினேன்.

ஆனால் திங்களன்று நானே மாற்றி எழுதியிருந்தால்? பதினொன்றால் வகுபட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சரியான எண் மாப்பிள்ளையின் செல்லில்தான். கேட்க வேண்டும். நாளை மாலை தூத்துக்குடிக்கு லாரி.

வாசல் வரை போனேன். மாப்பிள்ளை அங்கே சாயப்பட்டறைக்காரரிடம் செல்லில் கத்திக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன்.

மகள்: "ஏனுங்கப்பா, பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டீங்க?"

"பசியில்ல அம்மிணி."

வியாழன்

வானம் வெளுத்திருந்தது. காபி குடிக்கும்போது சொன்னேன். முழுதாகக் கூடச் சொல்லவில்லை. "மாப்பிள்ளை, அந்த எக்ஸ்எல் நம்பர் ஒருதரம்..."

செல்லை எடுத்தார். மேலே தள்ளினார். 72.

டம்ளரைக் கீழே வைத்தார். "எப்பங்க மாமா தெரிஞ்சுது?"

"நேத்து."

"நேத்து எத்தனை மணிக்குங்க?"

மகள் அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். அவர் திட்டியிருந்தால் தேவலை. "நேத்தே சொல்லியிருந்தா ஒட்டுன பொட்டி பாதிதானுங்க. இன்னிக்கு அத்தனையும்" என்றார், அவ்வளவுதான். வண்டியை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை.

பகல் முழுவதும் ஸ்டிக்கர் உரிப்பு. சில இடங்களில் அட்டையோடு பிய்கிறது. என் நகம் கிழிந்தது. சரசு: "வுடுங்க வாத்தியாரே, நாங்க பாத்துக்கறோம்." விடவில்லை. லாரிக்காரர் கேட்டில் ஹாரன்.

மூன்று மணிக்குப் புது ஸ்டிக்கர் வந்தது. மாப்பிள்ளை நேரே என்னிடம் வந்தார். ஒரு கையில் ஸ்டிக்கர், மறு கையில் செல். "பாத்துச் சொல்லுங்க மாமா." பின்னால் திரும்பி, "மிசினை நிறுத்துங்கப்பா. மாமா பாக்கறாரு."

எல்லாம் நின்றது. அத்தனை பேரும் என் விரலைப் பார்த்தார்கள். கூட்டவில்லை, வகுக்கவில்லை. 2, 2. 4, 4. 0, 0. கடைசி வரை போனேன். சரியாகத்தான் இருந்தது.

மறுபடி முதல் இலக்கத்தில் விரல் வைத்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.