வெடிப்பு இல்லாத சுவர்

பிளாக்ஸ்டன் தோட்டம், மேற்பிரிவு,
அப்புத்தளை.
8 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி றொமேசுக்கு,

இங்கே நாங்கள் எல்லாரும் கொஞ்சம் சளியோடும் நிறையப் பேச்சோடும் நன்றாகவே இருக்கிறோம். உன் சுகத்தை மட்டும் ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

போனில் கூப்பிட்டால் "சிக்னல் இல்லக்கா, பொறகு பேசுறேன்" என்கிறாய். அந்தப் பொறகு மூன்று மாதமாக வரவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதி, அதை என் மகள் நிலுக்ஷியிடம் கொடுத்துப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். காகிதத்தை உன்னால் கட் பண்ண முடியாதே! நீயும் கையால் எழுதி இதே மாதிரி அனுப்பு. டைப் அடித்தால் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

பரிசு வாங்கிய உன் படத்தைத் தோட்டத்து டீ சென்டரில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். நம் லயத்து வரிசை வீட்டுச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டு ரெங்கம்மாக்கா சிரிக்கிறாரே, அதுதான். வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்னால் நின்று செல்பி எடுக்கிறார்கள். "எனக்கே தெரியாம நான் பெரிய ஆளாயிட்டேன் புள்ள" என்று அவர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

இப்போது அந்தப் படத்தால்தான் தலைவலி. ஆகஸ்டில் பதுளையிலிருந்து மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்து, ஆபத்தான லயங்களைப் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இருப்பவர்களுக்குக் கீழே சமதரையில் வீடு. நம் ஏழாம் நம்பர் லயம் அதில் இல்லை. விரலை விட்டால் உள்ளே போகிற வெடிப்பு இருந்தும் இல்லை! ஏன் என்று கேட்கத் தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் என்னை நேராக உன் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"பாரும்மா, பெப்ரவரியில ஒன் தம்பியே புடிச்ச படம். சுவர்ல ஒரு கீறலாவது இருக்கா? மே மாசம் ரெங்கம்மா வூட்டுல சமைக்க ஒரு குசினி கட்ட மண்ண வெட்டுனாங்க. அதுக்குப் பொறகு வந்த வெடிப்பு இது. மலை நகரல. நீங்களா தேடிக்கிட்ட வினை."

போன வருட மழையிலேயே வந்த வெடிப்பு அது. நீ படம் பிடித்த அன்றைக்கு ரெங்கம்மாக்காதான் கேட்டார், "அந்த வெடிப்ப எடுத்துடுப்பா, பாக்குறவங்க நம்மள என்னன்னு நெனைப்பாங்க" என்று. நீயும் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டாய். ஆகவே, கமராவில் விழுந்த முதல் படத்தைத் தேதியோடு அனுப்பு. நவம்பர் ஆறாம் தேதி அதிகாரிகள் மறுபடியும் வருகிறார்கள். அது கையில் இருந்தால் எனக்குப் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ட தண்ணீரையும் குடிக்காதே.

உன் அன்பு அக்கா,
லூசி


சா பா, வியட்நாம்.
21 செப்டம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கட்டளைப்படி கையால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை, விரல் வலிக்கிறது.

இங்கே ஓயாத மழை. ஒரு லென்ஸுக்குள் ஈரம் இறங்கிப் புகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அரிசிப் பைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், பிழைக்குமா தெரியாது. என்னோடு எட்டுப் பேர் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள். என்னுடையதை விட விலை உயர்ந்த கமராவோடு வந்து, மூடியைக் கழற்றாமல் "ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்று கேட்கிற ஆட்கள்! படிப்படியான வயல்களில் காலையில் பனி ஏறும்போது அப்புத்தளை ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. அடுத்தது நேபாளம். அந்தப் பரிசு இல்லாவிட்டால் யார் என்னை நம்பி இப்படி ஊர் ஊராக அனுப்புவார்கள், சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட படத்தின் ஹார்ட் டிஸ்க் கொழும்பில் நண்பன் மர்ஸூக்கிடம் இருக்கிறது. அதில் அந்த ஃபைலை வைத்தேனா, இடம் போதாமல் அழித்தேனா, நினைவில்லை. போனதும் பார்க்கிறேன். அதற்குள் லயத்தில் எல்லாருடைய போனையும் ஒரு தடவை பாருங்களேன். எத்தனை பிறந்தநாள், எத்தனை சடங்கு! யாருடைய படத்திலாவது அந்தச் சுவர் விழுந்திருக்கும்.

மச்சானுக்கும் நிலுக்ஷிக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி,
றொமேஷ்


அப்புத்தளை,
3 அக்டோபர் 2024

தம்பி றொமேசுக்கு,

நீ சொன்னபடியே செய்தோம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பன்னிரண்டு வீட்டுப் போன்களையும் பிள்ளை மடுவத்தில் என் மேசைமேல் குவித்துவிட்டார்கள். தொட்டில் குழந்தைகளைப் பார்க்கிற ஆயாவுக்கு அன்றைக்குப் போன் பார்க்கிற வேலை. நிலுக்ஷியும் நானும் மத்தியானம்வரை பார்த்தோம்.

ஒன்றிலும் சுவர் இல்லை. நமக்குத்தான் ஒரு பழக்கம் இருக்கிறதே, படம் என்றால் முதலில் பின்னால் ஒரு சேலையைக் கட்டுவோமே! ரெங்கம்மாக்காவின் மகன் தினேஸின் பிறந்தநாளா, மஞ்சள் சேலை. ஜீவராணியின் சடங்கா, சரிகைச் சேலை. நம் நிலுக்ஷி கோவிலில் முதல் நன்மை வாங்கிய அன்றைக்கு என் கல்யாணச் சேலையையே ஆணியடித்துக் கட்டியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? எந்த வெடிப்பைக் காட்ட இப்போது அலைகிறோமோ, அதைப் பன்னிரண்டு குடும்பமும் சேர்ந்து பார்த்துப் பார்த்து மறைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சேலை கட்டாமல் அந்தச் சுவரைப் பிடித்தவன் நீ ஒருவன்தான்.

இன்னொரு சங்கதி. நிலுக்ஷி மர்ஸூக் தம்பியோடு பேசினாள். "அந்த டிஸ்க்க ஜூன் மாசமே றொமேஷ் எடுத்துட்டுப் போயிட்டாரே" என்றாராம். பொய் சொல்லுகிறவன் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டாமா? என்னிடம் எதற்கடா பொய்?

இங்கே ரெங்கம்மாக்காவின் நிலைமை சரியில்லை. அவர் குசினி கட்டியதால்தான் எல்லாருக்கும் வீடு கிடைக்காமல் போனது என்று லயமே பேசுகிறது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நேற்று என்னிடம் வந்து, "நாந்தானே எடுக்கச் சொன்னேன், தம்பியக் கோவிச்சுக்காத புள்ள" என்றார். அவரைக் காப்பாற்றப் பார்க்கிறேன், அவர் உனக்காகப் பேசுகிறார்.

படம் உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பு.

உன் அக்கா,
லூசி


பொக்கரா, நேபாளம்.
17 அக்டோபர் 2024

அக்கா,

பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். படம் என்னிடம்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் பக்கத்தில் லாப்டாப்பில் திறந்தே இருக்கிறது.

அந்தப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். படத்தில் இருந்த எதையும் அழிக்கக் கூடாது. "அழிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன். ஒரு சுவர்க் கீறல்தானே, ரெங்கம்மாக்கா ஆசைப்பட்டதுதானே என்று நினைத்தேன். ஏழு நிமிடம்கூட ஆகவில்லை அக்கா, அதை அழிக்க. பரிசு கிடைக்கும் என்று கனவா கண்டேன்?

அந்தப் படம் ஆபீஸுக்குப் போனால் கிளாக்கர் பார்ப்பார், தோட்டத்தை நடத்துகிற துரை பார்ப்பார், யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்டர்நெட்டில் போடுவார்கள். பரிசு போகும். பரிசைப் பார்த்துக் கொடுத்த இந்த வேலையும் போகும். இந்தத் தொழிலில் ஒருமுறை பெயர் கெட்டால் அவ்வளவுதான். கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் நம் வீட்டில் கமரா தூக்கியவன் நான் ஒருவன். அது உங்களுக்கும் பெருமைதானே?

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நாளை ஆட்களோடு மலைப் பாதையில் ஏறுகிறேன். இந்தப் பயணம் நவம்பர் இருபத்து மூன்றில் முடிகிறது. அதுவரை பொறுங்கள். முடிந்ததும் நானே அனுப்புகிறேன், நானே வந்து பேசுகிறேன். அதிகாரிகள் ஆறாம் தேதிக்குப் பிறகும் வராமலா போவார்கள்?

உங்கள் தம்பி,
றொமேஷ்


அப்புத்தளை,
1 நவம்பர் 2024

றொமேஷ்,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நிலுக்ஷியிடம் காட்டவில்லை. மாமா என்றால் அவளுக்கு உயிர்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. வெடிப்புக்குள் இப்போது என் கையே போகிறது. பொழுது சாய்ந்தால் பன்னிரண்டு குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளை மடுவத்துக்கு வந்துவிடுகிறோம். அங்கே அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், விடிந்ததும் பெண்கள் லயத்துக்குப் போய் ஆக்கி எடுத்து வருகிறார்கள்.

படத்தில் வெடிப்பை அழித்திருக்கிறார்கள் என்று கிளாக்கரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒன் தம்பி எழுதிக் குடுக்கட்டும், பாக்குறேன்" என்றார். என் தம்பி பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்று ஊருக்கு முன்னால் சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. அந்த மட்டும் நானும் உன்னோடு கூட்டுத்தான்.

பெருமைதானே என்று கேட்டிருந்தாய். பெருமைதான்டா. நீ முதல் கமரா வாங்கிய அன்று லயம் முழுக்கக் காட்டித் திரிந்தவள் நான்தான். ஆனால் உன் பெயர் கெடாமல் இருக்க ரெங்கம்மாக்காவின் பெயர் கெடுகிறது. அவர் கொழுந்து மலையில்கூடத் தனியாகத்தான் நிரை பிடித்துப் பறிக்கிறார். உன்னைக் கோவிக்காதே என்று இன்னமும் என்னிடம் சொல்கிறார்.

ஆறாம் தேதிக்குள் அனுப்பு. இனிமேல் கேட்க மாட்டேன்.

அக்கா,
லூசியா


பொக்கரா,
23 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

மலையிலிருந்து இன்றுதான் இறங்கினேன். உங்கள் முதலாம் தேதிக் கடிதம் பாதையில், சிக்னல் கிடைத்த ஓரிடத்தில், நாலாம் தேதியே வந்துவிட்டது. வரவில்லை என்று சொல்லலாம், ஆனால் மறுபடியும் பொய் வேண்டாம். வாசித்தேன், போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு எடுத்த படம் ஒன்றுகூட உருப்படவில்லை.

இத்தோடு படம் அனுப்பியிருக்கிறேன். எடுத்த தேதி, நேரம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. வெடிப்பை நான்தான் அழித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதமும் இருக்கிறது. போட்டிக்காரர்களுக்கும் இன்றே எழுதிவிட்டேன். பரிசை எடுத்துக்கொள்ளட்டும். வேலையையும் விட்டுவிட்டேன். மனசு எவ்வளவு இலேசாக இருக்கிறது தெரியுமா அக்கா!

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன். ரெங்கம்மாக்காவுக்கு இங்கே ஒரு கம்பளிப் போர்வை வாங்கியிருக்கிறேன். பீலியடியில் எல்லாருக்கும் முன்னால் நானே சொல்கிறேன், அவர் மேல் குற்றமில்லை என்று. அதுவரை அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

உங்கள் தம்பி,
றொமேஷ்


அப்புத்தளை,
30 நவம்பர் 2024

றொமேஷ்,

படம் வந்தது.

ஆறாம் தேதி அதிகாரிகள் வந்தார்கள். கிளாக்கர் உன் டீ சென்டர் படத்தைக் காட்டினார். எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. குசினியால் வந்த வெடிப்பு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். லயத்துக்கு ஆபத்தில்லை என்றான பிறகு, பிள்ளை மடுவத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் லயத்துக்கே திரும்பிப் போனோம்.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு மேட்டு மண் சரிந்து சுவரைத் தள்ளியது. ஆட்கள் எல்லாம் மலையில், பிள்ளைகள் என்னிடம். ரெங்கம்மாக்காவுக்கு மட்டும் இரண்டு நாளாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. குசினியில் கஞ்சி வைத்துக்கொண்டு இருந்தார். சத்தம் கேட்டு ஓடினோம். மண்ணைக் கையால் அள்ளினோம். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஹாலிஎல தாண்டும்போது, மூச்சு நின்றுவிட்டது. என் மடியில்தான்.

உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது லயத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். படம் ஒன்றும் கேட்கவில்லை. உன் கடிதத்தைப் பீலியடியில் நானே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நீ அனுப்பிய படத்தை நிலுக்ஷி பெரிதாக்கிக் காட்டினாள். ரெங்கம்மாக்கா கையை ஏன் அப்படிச் சுவரில் ஊன்றி நின்றார் என்று இப்போதுதான் தெரிந்தது. வெடிப்பின் மேல் வைத்திருக்கிறார், அகலமாக, ஐந்து விரலையும் விரித்து. முடிந்த மட்டும் மூடிப் பார்த்திருக்கிறார். கைக்கு மேலேயும் கீழேயும் தெரிகிறது.

சவப்பெட்டிக்கு முன்னால் வைக்க ஒரு படம் தேவைப்பட்டது. டீ சென்டரில் இருந்து உன் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். தினேஸ் அதைத் தொடவே இல்லை. "எங்கம்மாவுக்கு அது வேணாம்" என்றான். அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தை டவுனில் பெரிதாக்கி வைத்தோம். கண்ணும் மூக்கும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. சிரிப்பும் இல்லை. அதற்குத்தான் மாலை போட்டோம்.

நத்தாருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை.

லூசியா