பதினொரு கட்டில்

பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? நான் நன்றாக இருக்கிறேன்.

நம் கடை இணையதளத்தில் ஒருவர் ஒரு கட்டில் கேட்டார், பிறகு இன்னொன்று சேர்த்தார். எண்ணாக வரவேண்டியது எழுத்தாக வந்ததால், புரோகிராம் ஒன்றையும் ஒன்றையும் கூட்டாமல் பக்கத்தில் ஒட்டிப் பதினொன்று ஆக்கிவிட்டது. அனுப்பியும் விட்டோம்.

“வீட்ல ரெண்டே பேருய்யா, கட்டில் மேல ஏறித்தான் சமையக்கட்டுக்கே போறோம்!” என்று வாங்கியவர் போனில் கத்தினார்.

புரோகிராமரைப் பிடித்தேன். “நான் எழுதுற டைப்ஸ்கிரிப்ட்ங்கிற கம்ப்யூட்டர் மொழி, எழுதுறப்பதான் தப்பைப் பிடிக்கும்ணே. புரோகிராம் ஓடுறப்ப வெளியிலேர்ந்து வர்றதை வாசல்லயே சோதிக்கணும், விட்டுட்டேன்” என்றான்.

அந்தச் சோதனையை எல்லா இடத்திலும் வைக்கும்வரை கடையை விட்டு நகர முடியாது. இந்த மாதம் ஊருக்கு வரவில்லை.

திரும்பி வந்த ஒன்பது கட்டிலையும் நானே இறக்கினேன். முதுகுக்குத் தைலம் அனுப்பு. அடுத்த சரக்கு லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். இனி போனில் நன்றாக இருக்கிறேன் என்றால் அப்படியே நம்பிவிடாதே. நீயும் வாசலிலேயே சோதி: என்ன சாப்பிட்டேன் என்று கேள்.